லோவினாவின் தாகம்

பெரிய சாலையை விட்டு இறங்கியதிலிருந்து கர்ட் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மனைவி மார்லா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய கேரவனை அத்தனை குறுகலான சாலையில் ஓட்டும்போது யாருக்குப் பேச்சு வரும்? இரண்டு பக்கமும் அறுவடைக்குக் காத்திருந்த மக்காச்சோளம் காய்ந்துபோய், காற்றே இல்லாதபோதும் சரசரத்துக்கொண்டிருந்தது. சாலை ஒரு மேட்டில் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மேட்டின் உச்சியில் எதிரே என்ன வருகிறது என்று கடைசி நொடியில்தான் தெரியும்.

பின்னால் சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்த டெஸா, பின்பக்க ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பா, பின்னாடி ஒரு குதிரைவண்டி வருது. நம்மள முந்தப் பாக்குது. ஸ்கூல் பஸ்ஸையே இதைவிட வேகமா ஓட்டுவியே நீ."

கர்ட் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் பன்னிரண்டு வயது மகளுக்குப் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பான். மிச்சிகனில் அவர்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன் அவன். பேருந்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று ஊரே சொல்லும்.

இந்த கேரவனை அவன் வாங்கியது போன அக்டோபரில். ஒரு வருஷம் ஆகிவிட்டது. தெற்கே ஒஹாயோவில் யாரோ ஒருவரிடம் விலை பேசி முடித்து, தனியாக ஓட்டிக்கொண்டு வந்தான். வந்த நாளோடு சரி. வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தியபடியே நின்றது வண்டி. கேட்டால் பனி என்றான், அப்புறம் டயர் சரியில்லை என்றான், அப்புறம் வேலை என்றான். கடைசியில் பொறுக்க முடியாமல் மார்லாவே இடம் பார்த்து ஏற்பாடு செய்தாள். குதிரைப் பைத்தியமான டெஸாவுக்காக மின்சாரமும் காரும் வேண்டாமென்று குதிரைகளோடு வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் பண்ணை ஒன்றைப் பிடித்தாள். இடத்தின் பெயரைச் சொன்னபோது கர்ட், "வேற ஊரே கிடைக்கலையா உனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனான். அவனுக்குக் கூட்டமும் பிடிக்காது, புதிய ஊரும் பிடிக்காது. அதனால்தான் என்று நினைத்தாள்.

ஒரு வளைவு வந்தது. கர்ட் வண்டியை அப்படியே இடது ஓரத்துக்குக் கொண்டுபோனான். எதிரே வருபவர்களின் பக்கம்.

"கர்ட், என்ன பண்ற? எதிர்ல யாராவது வந்தா?"

அவன் பிரேக்கை மிதித்தான். அலமாரிக்குள் தட்டுகள் உருண்டன. சாலையில் ஒன்றுமில்லை. வலது பக்கம், சோளக்காட்டுக்கும் தாருக்கும் நடுவே நீளமான பள்ளம், அதில் இடுப்பளவு புல்.

"எதுக்கு நிறுத்தின?"

"ஒண்ணுமில்ல."

டெஸா வலதுபக்க ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு கையைக் காட்டுறா பாரும்மா. ஏதோ கேக்கறா."

மார்லா எட்டிப் பார்த்தாள். புல் அசைந்துகொண்டிருந்தது. அந்த ஓரிடத்தில் மட்டும்.

கர்ட் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வண்டியை எடுத்தான்.

ரேபர் பண்ணை அந்த வளைவைத் தாண்டி அடுத்த மேட்டில் இருந்தது. வெள்ளை வீடு, சிவப்புக் கொட்டில், கயிற்றில் வரிசையாகக் கருநீலச் சட்டைகள். சலோமா ரேபர் கருப்பு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, வெள்ளைத் தொப்பிக்குள் அழுத்தி வாரிய நரைமுடி. மேய்ச்சல் நிலத்தில் நிறுத்த இடம் காட்டினாள். அவள் கணவர் ஈலை தாடியைத் தடவிக்கொண்டு கேரவனைச் சுற்றிவந்தார்.

"நம்ம வீட்டைவிட இது பெருசா இருக்கே சலோமா. சாணி அள்ற வேலையும் கிடையாது."

"டீசல் போடணுமே," என்றாள் சலோமா. "நம்ம குதிரை புல்லைத் தின்னுட்டுப் போகுது." பிறகு மார்லாவிடம், "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எதையும் விக்க மாட்டோம். ரொட்டி வேணும்னா இப்பவே வாங்கிக்கங்க. அப்புறம் பசிக்குதுன்னு கதவைத் தட்டினா சும்மாதான் குடுக்க வேண்டியிருக்கும்."

மார்லா சிரித்தாள். சலோமா ஒரு ஜாடி நிறைய குளிர்ந்த புதினா டீ கொண்டுவந்தாள். டெஸா இரண்டு தம்ளர் குடித்தாள். கர்ட்டிடம் நீட்டியபோது அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "வேண்டாம். தாகமில்ல," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம் பண்ணைக் குழாயிலிருந்து ரப்பர் குழாய் இழுத்து, கேரவனின் தண்ணீர்த் தொட்டியை விளிம்புவரை நிரப்பினான். இறைச்சி சுட்டுச் சாப்பிட்டார்கள். சீக்கிரமே படுத்துவிட்டார்கள். மின்விளக்கு ஒன்றுகூட இல்லாத அந்த மேட்டில் இருட்டு, சுவர்போல ஜன்னலை ஒட்டி நின்றது.

காலையில் காபி போட மார்லா குழாயைத் திறந்தாள். சமையல் மேடைக்குக் கீழே தண்ணீர் மோட்டார் கர்ரென்று இழுத்தது. குழாய் இருமியது. ஒரு சொட்டுகூட வரவில்லை.

கர்ட் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். தொட்டியில் ஓட்டை இல்லை. தரை காய்ந்திருந்தது.

டெஸா சமையல் மேடைக்கு எதிர்ச் சோபாவில் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "தண்ணி தீந்துடுச்சா? பின்ன, ராத்திரி அவ்ளோ குடிச்சா?"

"யாரு?"

"நீதாம்மா. குழாய்ல வாய வச்சுக் குடிச்சிட்டே இருந்தியே. மூச்சுகூட விடல. மோட்டார் சத்தத்துல நான் முழிச்சிட்டேன்."

"நான் எந்திரிக்கவே இல்லடி."

"அப்ப அப்பாவா இருக்கும்." டெஸா கொட்டாவி விட்டாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "ஆனா முடி நீளமா இருந்துச்சே. ஒரு பக்கமா ஒட்டிப்போயி."

வெளியே ஜன்னலடியில் நின்றிருந்த கர்ட்டின் கையிலிருந்து ரப்பர் குழாய் நழுவி விழுந்தது.

"கனவு கண்டிருப்பா," என்றான். தொட்டியை மறுபடி நிரப்பும்போது அவன் பண்ணை வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி நின்றான்.

அன்று முழுக்க மூடுபனி விலகவில்லை. ரேபர் தம்பதி ஆராதனைக்காகக் குதிரைவண்டியில் யாரோ உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். குளம்படிச் சத்தம் பனிக்குள் போய் மறைந்தபின், பண்ணையில் எந்தச் சத்தமும் இல்லை. மதியத்துக்குப் பிறகு டெஸா குதிரைக்குட்டியைப் பார்க்க வேலியருகே போனாள். கர்ட்டும் கூடப் போனான். மார்லா மேசையில் கைகளை ஊன்றி, ஒரு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது வாசனை.

ஈர மண். பிடுங்கிய பச்சைப் புல். அதற்கடியில் இரும்பை நக்கியதுபோல ஒரு வாசம்.

பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் மோட்டார் கர்ரென்று ஓடத் தொடங்கியது.

தண்ணீர் ஓடும் சத்தம் வரவேண்டும். கழுவும் தொட்டியின் தகரத்தில் அது விழும் சத்தம் வரவேண்டும். வரவில்லை. வந்தது வேறு சத்தம். தொண்டைச் சத்தம். மடக், மடக் என்று, இடையில் ஒரு விம்மலோடு, மறுபடி மடக், மடக். வெகுநாள் காத்திருந்த ஒருவர் குடிப்பதுபோல.

மார்லா திரும்பவில்லை. அவளால் முடியவில்லை. பத்திரிகையில் கண்ணை வைத்தபடியே இருந்தாள். எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

"டெஸா?" என்றாள் மெதுவாக.

குடிப்பது நின்றது.

அவள் பிடரியில் ஒரு மூச்சுப் பட்டது. குளிர்ந்த மூச்சு. காதருகில், மணலை உரசுவதுபோன்ற குரலில், ஒரே ஒரு சொல்.

"வாஸர்."

பிறகு ஒன்றுமில்லை. வேலியருகே டெஸா சிரிப்பது கேட்டது. மார்லா எழுந்து திரும்பினாள். சமையல் மேடையில் யாருமில்லை. கழுவும் தொட்டி உலர்ந்திருந்தது. அதன் நடுவில் மட்டும், உள்ளங்கையளவு புல் உருண்டை. பசு அசைபோட்டுத் துப்பியதுபோல, நன்றாக மென்ற புல். அவள் அதைக் குனிந்து பார்த்தாள். பல் பதிந்த அடையாளம் இருந்தது. பசுவின் பல் இல்லை.

அவள் கேரவனிலிருந்து இறங்கிப் பண்ணை வீட்டை நோக்கி நடந்தாள். எதற்காக என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு மனித முகத்தைப் பார்த்தால் போதும்போல் இருந்தது.

ரேபர் தம்பதி அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். ஈலை குதிரையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சலோமா அவரிடம் தங்கள் ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு, குதிரைக்கு வைக்க வாளியை எடுத்தாள். அந்தப் பேச்சின் நடுவே அதே சொல் வந்தது. வாஸர். மார்லா அப்படியே நின்றாள்.

"வாஸர்னா என்ன?"

"தண்ணி," என்றாள் சலோமா. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். "உக்காருங்க. முகமெல்லாம் வெளுத்துப்போயிருக்கு."

படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். மார்லா கேட்டாள். "அந்த வளைவுல ஏதாவது நடந்துச்சா?"

சலோமா வளைவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நீங்க பாத்தீங்களா?"

"என் பொண்ணு பாத்தா."

"எங்க மதத்துல இதையெல்லாம் பேசக்கூடாது," என்றாள் சலோமா தணிந்த குரலில். பிறகு, துவைத்த துணியை மடித்து வைப்பவள்போல நிதானமாகச் சொன்னாள். "என் பொண்ணு லோவினா. பத்தொன்பது வயசு. சீஸ் கடைல வேலை பாத்தா. சைக்கிள்லதான் வருவா. போன வருஷம் இதே சமயம், சோளம் அறுக்கிறதுக்கு முன்னாடி, பொழுது சாயற நேரம். ஏதோ பெரிய வண்டி அடிச்சிட்டுப் போயிடுச்சு. கொஞ்சம் உடைஞ்ச கண்ணாடிதான் கிடைச்சது. யாருன்னு தெரியல."

மார்லாவின் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"சனிக்கிழமைல அவ சித்தப்பா வீட்ல தங்கிடுவா. அப்படித்தான்னு நெனச்சு நாங்க தூங்கிட்டோம். காலைல பால் வண்டிக்காரர்தான் பாத்தார். உடனே உயிர் போகலையாம். டாக்டர் சொன்னார். விடியற வரைக்கும் இருந்திருக்கா. கால அசைக்க முடியல, குரல் வரல. கை எட்டற வரைக்கும் புல்லைப் பிடுங்கி மென்னிருக்கா. தாகம் தாங்காம."

பனிக்குள் எங்கோ ஒரு மாடு கத்தியது.

"அடிச்சவர மன்னிச்சிட்டோம். அன்னிக்கே மன்னிச்சிட்டோம்," என்றாள் சலோமா. "ஆனா அவ இன்னும் அங்கதான் இருக்கா. நான் அந்த வழியாப் போறப்பல்லாம் கொஞ்சம் நிப்பேன். பேச மாட்டேன். இருக்கான்னு தெரிஞ்சா போதும் எனக்கு."

மார்லா எப்படித் திரும்பி நடந்தாள் என்று பின்னால் அவளுக்கு ஞாபகமில்லை. ஞாபகம் வந்ததெல்லாம் போன அக்டோபர் சனிக்கிழமை. கர்ட் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஷவருக்குக் கீழே நின்றது. வலதுபக்க முன்விளக்கு உடைந்திருந்தது. "மான் குறுக்க பாஞ்சிடுச்சு," என்றான். பட்டறையில் விடாமல் தானே கதவைச் சாத்திக்கொண்டு சரிசெய்தான். பேருந்துக்கு முன்னால் ஒரு முயல் ஓடினாலும் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவன் அவன். அந்த மானைப் பற்றி அப்புறம் ஒருநாளும் பேசவில்லை.

கேரவன் அருகே அவன் நாற்காலிகளை மடித்து உள்ளே எறிந்துகொண்டிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டெஸா ஏற்கெனவே உள்ளே இருந்தாள்.

"ஏறு. கிளம்பறோம்."

மார்லா அவன் அருகில் போய், மகளுக்குக் கேட்காத குரலில் கேட்டாள். "மான் எந்த இடத்துல விழுந்துச்சு கர்ட்?"

அவன் கையிலிருந்த நாற்காலி பாதி மடிந்தபடி நின்றது.

"சொல்லு."

"வண்டி வித்தவன் பியர் ஊத்திக்கொடுத்தான்," என்றான் கடைசியில். "ரெண்டே ரெண்டு. நிதானமாத்தான் இருந்தேன். மேட்டுல ஏறினேன், அவ்ளோதான், அவ அங்க இருந்தா. நான் நின்னிருந்தா போலீஸ்ல ஊதச் சொல்லியிருப்பாங்க. அப்புறம் எந்த பஸ்ஸைத் தொட விடுவாங்க? நம்ம கதி என்ன?"

"இறங்கிப் பாத்தியா?"

"கண்ணாடில பாத்தேன். அசையல. செத்துட்டான்னு நெனச்சேன்."

"விடியற வரைக்கும் உயிரோட இருந்தா."

அவன் அவளைப் பார்த்தான். அந்த விஷயம் அவனுக்குத் தெரியாது. அவன் முகத்தில் ஏதோ ஒன்று சரிந்து விழுவதை அவள் கண்ணால் பார்த்தாள். ஆனாலும் அவன் நாற்காலியை உள்ளே தள்ளினான். "ஏறு மார்லா. தயவுபண்ணி ஏறு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அவனோடு போக அவளுக்கு மனமில்லை. ஆனால் டெஸா உள்ளே இருந்தாள். அதனால் ஏறினாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பனி சாலையை விழுங்கியிருந்தது. விளக்கு வெளிச்சம் நாலடிக்குமேல் போகவில்லை. கர்ட் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓட்டினான். மேட்டிலிருந்து இறங்கி, அடுத்த மேட்டில் ஏறி, வளைவுக்குள் நுழைந்தான்.

எஞ்சின் நின்றது.

சாவியைத் திருகினான். ஒன்றுமில்லை. மறுபடி திருகினான். விளக்குகள் மங்கி, அணைந்தன.

பனியின் சாம்பல் வெளிச்சம் மட்டும் ஜன்னல்களில்.

"அப்பா?" என்றாள் டெஸா பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்லடா. இப்ப கிளம்பிடும்."

சமையல் மேடைக்குக் கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது.

பேட்டரி செத்துப்போயிருந்தது. எப்படி ஓடுகிறது என்று மார்லா யோசித்தாள். யோசிக்கும்போதே அந்த வாசனை வந்துவிட்டது. ஈர மண். பிடுங்கிய புல்.

மடக். மடக்.

"கேக்குதா?" என்று கிசுகிசுத்தாள்.

கர்ட் கண்களை இறுக மூடியிருந்தான். அவனுக்கும் கேட்டது.

பின்கதவு கிளுக் என்று திறந்தது. குளிர் உள்ளே வந்தது.

மார்லா திரும்பிப் பார்த்தாள். டெஸா உட்கார்ந்திருந்த இடம் காலி.

மார்லா எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பனியில் கைகளை நீட்டிக்கொண்டு, மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு, சாலையோரமாகத் தடுமாறினாள். பின்னால் கர்ட்டின் காலடி. பள்ளத்தின் விளிம்பில் கால் சறுக்கியது. ஈரப் புல் முழங்கால்வரை நனைத்தது.

டெஸா பள்ளத்துக்குள் மண்டியிட்டிருந்தாள். கையில் தம்ளர். படுத்திருக்கும் ஒருவருக்குக் கொடுப்பதுபோல, இடக்கையால் எதையோ தாங்கிப் பிடித்து, வலக்கையால் தம்ளரைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்கடியில் புல் அழுந்தியிருந்தது. ஒரு ஆள் நீளத்துக்கு அழுந்தியிருந்தது.

தம்ளரிலிருந்து தண்ணீர் இறங்கியது. தரையில் ஒரு சொட்டும் விழவில்லை.

"டெஸா, எந்திரி," என்றாள் மார்லா.

டெஸா நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் பயம் இல்லை. காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் கவலைதான் இருந்தது.

"போதலையாம் அம்மா. இன்னும் வேணுமாம்."

கர்ட் பள்ளத்தின் மேலே நின்றிருந்தான். அழுந்திய புல்லைப் பார்த்தான். அவன் பார்க்கும்போதே புல்லின் ஒரு கொத்து வேரோடு இழுபட்டு, மெல்ல, மெல்லப் பிடுங்கி வந்தது. பிடுங்கிய கை எதுவும் தெரியவில்லை.

மெல்லும் சத்தம் கேட்டது.

கர்ட்டிடமிருந்து வந்தது அழுகையா வேறு எதுவா என்று மார்லாவுக்குத் தெரியவில்லை. அவன் திரும்பிக் கேரவனுக்கு ஓடினான். தப்பித்துப் போகிறான் என்று நினைத்தாள். இல்லை. தண்ணீர் கேனோடு வந்தான். பள்ளத்தில் விழுந்து, மண்டியிட்டு, கேனைச் சாய்த்தான். தண்ணீர் போன இடம் தெரியவில்லை. மண் காய்ந்தே கிடந்தது. மறுபடி ஓடினான். மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தான். போகவும் வரவும், போகவும் வரவும், சறுக்கி விழுந்து, முழங்கையில் ரத்தம் வழிய, அந்தத் தொட்டியில் இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினான்.

"நான்தான்," என்று சொல்லிக்கொண்டே ஊற்றினான். "நான்தான். குடி. நான்தான் அது."

மார்லா மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கேனில் பாதிதான் இருந்தது. அதையும் ஊற்றி முடித்ததும், அழுந்தியிருந்த புல் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. பனி கொஞ்சம் விலகியது. மேட்டின்மேல் ரேபர் வீட்டு ஜன்னல் மஞ்சளாகத் தெரிந்தது.

கர்ட் எழுந்து, உடம்பெல்லாம் மண்ணும் புல்லுமாக, அந்த வெளிச்சத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தான். மார்லா டெஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

ரேபர் வீட்டு அடுக்களையில் அவன் எல்லாவற்றையும் சொன்னான். நின்றுகொண்டே சொன்னான். பியரை, மேட்டை, கண்ணாடியில் பார்த்ததை, பள்ளத்தில் டெஸா தண்ணீர் கொடுத்ததை, எதையும் விடவில்லை. ஈலை மேசையில் இரண்டு கைகளையும் விரித்து வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க," என்றார் ஈலை. "நனைஞ்சு போயிருக்கீங்க."

சலோமா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் தோள்கள் மட்டும் அசைந்தன. பிறகு ஒரு துண்டை எடுத்து வந்து கர்ட்டின் முன் வைத்தாள். அவனைத் தொடவில்லை.

பக்கத்துக் கொட்டிலில் இருந்த தொலைபேசியில் கர்ட்டே போலீஸ் அதிகாரியான ஷெரீஃபைக் கூப்பிட்டான். கேரவனை இழுத்துக்கொண்டு போனார்கள். அவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வழக்கு நடந்தபோது ஈலை தன் பெரிய கருப்புத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து, தண்டனையைக் குறைக்கும்படி நீதிபதியிடம் கேட்டார். கொஞ்சம் குறைத்தார்கள். மார்லா சிறைக்குப் போய் அவனைப் பார்க்கிறாள். பெரும்பாலும் இருவரும் டெஸாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். சில தடவை கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அவனை மன்னித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சலோமாவால் ஒரே நாளில் முடிந்தது தனக்கு ஏன் முடியவில்லை என்று யோசிப்பாள்.

பனிக்காலம் முடியும் சமயம், ஒரு பிற்பகலில், அவள் வீட்டு வாசலில் வாடகை வேன் ஒன்று வந்து நின்றது. கருப்புப் போர்வையும் தலையை மூடும் கருப்பு பானெட் தொப்பியும் அணிந்து சலோமா இறங்கினாள். கையில் இரண்டு ரொட்டியும் ஒரு புட்டி ஆப்பிள் ஜாமும்.

"சொல்லாம வந்துட்டேன். போன் பண்ணா வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்."

மார்லா காபி போட்டாள். டெஸா ரொட்டியைத் தின்றுகொண்டே குதிரைக்குட்டியைப் பற்றிக் கேட்டாள். சலோமா அது கடிக்கப் பழகிவிட்டது, ஈலையின் தொப்பி ஒன்றைத் தின்றுவிட்டது என்றாள். டெஸா சிரித்தாள். வெளியே பொழுது மங்கிக்கொண்டிருந்தது. வேன் டிரைவர் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார்.

சலோமா கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் உங்களைப் பாக்க மட்டும் வரலம்மா."

மார்லா நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க போன நாள்லேர்ந்து அந்த வளைவுல அவ இல்ல. தினமும் போய் நின்னு பாத்துட்டேன். முதல்ல நிம்மதியாத்தான் இருந்துச்சு, கர்த்தர்கிட்ட போயிட்டான்னு. ஆனா அப்படித் தோணல. பெத்தவளுக்குத் தெரியும்."

அவள் எழுந்து மாடிப்படியின் அடியில் போய் நின்றாள். மேலே பார்த்து, அவர்கள் மொழியில், சாப்பிடக் கூப்பிடும் குரலில் ஏதோ சொன்னாள். மார்லாவுக்கு அதில் புரிந்தது லோவினா என்ற பெயர் மட்டும்தான். கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு வாசலுக்கு நடந்தாள். வேனின் பக்கக் கதவைத் திறந்து, அப்படியே பிடித்துக்கொண்டு, வீட்டு நிலைப்படியைப் பார்த்தபடி நின்றாள்.

குளிர்காற்று வீசியது. யாரும் வரவில்லை.

டிரைவர் ஏதோ கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சலோமா மெல்லக் கதவைச் சாத்தினாள். மார்லாவிடம் வந்தாள். அவள் கண்கள் நனைந்திருந்தன. குரல் நனையவில்லை.

"வர மாட்டேங்கறா. உன் பொண்ணைப் பிடிச்சுப்போச்சு போல. முதல்ல வந்து தலையைத் தாங்கிப் பிடிச்சவ அவதானே." மார்லாவின் கையை எடுத்து இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். "கொஞ்சநாள் இங்கேயே இருக்கட்டும். தொந்தரவு பண்ண மாட்டா. சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு இருட்டுன்னா பயம்மா. ஒரு விளக்கு மட்டும் எரியவிடு."

வேன் தெருமுனை திரும்பும்வரை மார்லா வாசலில் நின்றாள். பக்கத்தில் டெஸா, அவள் கைக்குள் கை நுழைத்துக்கொண்டு. உள்ளே போக மார்லாவுக்குக் கால் எழவில்லை. அந்த வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

"எரியவிட வேண்டாம்மா," என்றாள் டெஸா தணிந்த குரலில். "சுவிட்ச் எங்க இருக்குன்னு நான் அவளுக்குச் சொல்லிக்குடுத்துட்டேன்."

மாடியில், டெஸாவின் அறையில், விளக்கு எரிந்தது.